உப்புக் காற்றில் ஓர் ஐலாண்டர்: ஓய்வுபெற்ற ரோந்து விமானத்தைக் கடற்கரையில் காப்பாற்றும் வேலை

ஓய்வுபெற்ற விமானம் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, என்ன நிறம் அடிக்கலாம் என்பதுதான். கடலூர், புதுச்சேரிக் கரையில் அது கடைசியாக வரவேண்டிய வேலை. உள்ளே உப்புத் தண்ணீர் தேங்கியிருக்க, மேலே பளபளவென்று பெயின்ட் அடித்த விமானம் இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகளைச் சுற்றிக் கொப்புளம் போட ஆரம்பிக்கும். கொப்புளத்தைக் குத்திப் பார்த்தால் வெள்ளை மாவு கொட்டும். அதற்குக் கீழே தகடு பாதியாக மெலிந்திருக்கும். இந்தக் கரையில் தன்னார்வலர் குழுவின் உழைப்பில் பெரும்பகுதி தண்ணீரை வெளியேற்றுவதற்கும் உப்பைக் கழுவுவதற்கும் விமானம் காற்றில் எழும்பாமல் பிடித்துவைப்பதற்கும் போகிறது. போகவும் வேண்டும்.

இங்கே எழுதுவதெல்லாம் பிரிட்டன்-நார்மன் ஐலாண்டரை மனதில் வைத்து. ஜான் பிரிட்டன், டெஸ்மண்ட் நார்மன் இருவரும் வடிவமைத்து 1965 ஜூன் 13 அன்று முதலில் பறந்த இரட்டை எஞ்சின் விமானம். இந்தியக் கடற்படை 1976இல் இதை வாங்கி, கொச்சியில் 550ஆம் அணியில் கரையோரக் கண்காணிப்புக்கும் பயிற்சிக்கும் வைத்திருந்தது. பின்னாளில் அந்த வேலையை டோர்னியர் 228 ஏற்றுக்கொண்டது. ரோந்து விமானம் என்றால் என்னவென்று இந்தக் கரை ஊர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2015 ஜூன் 8 இரவு கடலோரக் காவல்படையின் டோர்னியர் ஒன்று மூன்று பேருடன் இந்தக் கடலில் காணாமல் போனது. பிச்சாவரத்துக்கு நேரே, சுமார் 950 மீ. ஆழத்திலிருந்து அதன் கருப்புப் பெட்டியை எடுக்க ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. அப்படிக் கரையோர ரோந்து பறந்தவர்கள் உட்கார்ந்த வகை விமானம் ஒன்றை ஊர்ப்பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும்படி நிறுத்திவைப்பது செய்யத் தகுந்த வேலை என்பதில் எங்களுக்கு ஐயமே இல்லை.

அளவிலும் ஐலாண்டர் தன்னார்வலருக்கு ஏற்றது. நீளம் 10.86 மீ., இறக்கை 14.94 மீ., வெற்று எடை 2 டன்னுக்குள். அரக்கோணத்திலிருந்து பறந்த டியூ-142 ரோந்து விமானம் போன்ற 50 மீ. இறக்கைக்காரர்களை அரசும் கடற்படையும்தான் கையாள முடியும். விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் 2017 முதல் நிற்பது அப்படி நிறுத்தப்பட்டது.

கை வைப்பதற்கு முன்

விமானம் ஓய்வுபெற்றிருக்கலாம், அதற்குள் அடைபட்டிருக்கும் அழுத்தம் ஓய்வுபெற்றிருக்காது. தீயணைப்புக் குப்பிகளில் வெடிமருந்துச் சுருள் இருக்கலாம். ஆக்சிஜன் சிலிண்டர், ஒளிக்குண்டு, புகைக்குண்டு வைக்கும் இடங்கள் எல்லாம் காலி என்று ஒப்படைப்பவர் எழுத்தில் தரவேண்டும். வாய்மொழி போதாது. சக்கரக் கால்களில் அதிர்ச்சியைத் தாங்கும் ஓலியோ உருளைக்குள் உயர் அழுத்த வாயு இருக்கும். வால்வு வழியே முழுக்க இறக்கிய பிறகே அதன் மேல் ஸ்பானர் படலாம். சக்கர ரிம் இரண்டு பாதிகளாகப் போல்டு போட்டு இணைத்தது. டயரில் காற்று இருக்கும்போது அந்தப் போல்டுகளைத் தளர்த்தினால் ரிம் பிளந்து ஆளை அடிக்கும். வால்வு ஊசியைக் கழற்றி, காற்று முற்றிலும் போனதைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத் தொடவேண்டும். புரொப்பெல்லர் கூம்புக்குள்ளும் அழுத்த வாயு உண்டு. அதைப் பிரிக்கும் வேலை தெரிந்தவர் இல்லையென்றால் பிரிக்காமல் முழுதாகவே கழற்றி வைப்பது மேல்.

புரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். இந்த எஞ்சினில் தீப்பொறி தருவது மேக்னெட்டோ. அதற்குப் பேட்டரி வேண்டாம். சாவி மூடியிருந்தாலும், மேக்னெட்டோவைத் தரையிடும் ஒற்றைக் கம்பி எங்காவது அறுந்திருந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது. சிலிண்டரில் மிச்ச எரிபொருள் ஆவி இருந்தால் ஒரு சுற்றில் எஞ்சின் உதைக்கும். ஆறு சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு பிளக். ஓர் எஞ்சினுக்கு 12, இரண்டுக்கும் 24. இருபத்து நான்கையும் கழற்றிய பிறகே புரொப்பெல்லரைத் தொடவேண்டும்.

எரிபொருள் தொட்டி தனியாக இல்லை. இறக்கைப் பெட்டியின் ஒரு பகுதியே தொட்டி. காலியான தொட்டிதான் நிறைந்த தொட்டியை விட ஆபத்து, ஏனென்றால் அதில் ஆவி இருக்கிறது. கடைசிச் சொட்டு வரை வடித்து, மூடிகளைத் திறந்து, நைட்ரஜன் செலுத்தி, வாயு அளவிடும் கருவி வைத்துப் பார்க்கும் வரை பக்கத்தில் கிரைண்டர், டிரில், செல்போன் எதுவும் வேண்டாம். நீல நிறத்தில் வடிவது ஈயம் கலந்த ஏவியேஷன் பெட்ரோல். கையில் படக்கூடாது, வண்டியில் ஊற்றவும் கூடாது.

பேட்டரிப் பெட்டியைத் தனியாகப் பார்க்கவேண்டும். ஈய-அமிலப் பேட்டரி கசிந்த இடத்தைச் சமையல் சோடா கரைசலால் நுரை அடங்கும் வரை கழுவுங்கள். நிக்கல்-காட்மியம் என்றால் கசிவு காரம். அங்கே சோடா உதவாது, நீர்த்த வினிகர்தான். எது என்று தெரியாவிட்டால் லிட்மஸ் தாள் சொல்லிவிடும்.

கழற்றலும் ஏற்றலும்

ஐலாண்டரில் கவனிக்கத் தவறினால் பெரிய சேதம் தரும் அமைப்பு ஒன்று உண்டு. பின் சக்கரக் கால்கள் உடற்பகுதியில் இல்லை. எஞ்சின் கூடுகளுக்குப் பின்னே இறக்கையிலிருந்து தொங்குகின்றன. இறக்கையைத் தூக்கினால் எஞ்சின், கால் எல்லாம் அதோடு போய்விடும். உடலுக்கு மிஞ்சுவது மூக்குச் சக்கரம் மட்டுமே. ஆகவே ஒரு போல்டைக்கூடத் தளர்த்துவதற்கு முன் உடலுக்கு அடியில் மரத் தொட்டில் தயாராக இருக்கவேண்டும். தொட்டில் உடலின் குறுக்குச் சட்டங்களுக்கு நேரே தாங்கவேண்டும். இரண்டு சட்டங்களுக்கு நடுவே வெறும் தகட்டில் தாங்கினால் தகடு உள்வாங்கும்.

எஞ்சின்களைக் கழற்றும்போது வால் தரையில் உட்காரும். ஒவ்வொன்றும் 160 கிலோவுக்குக் குறையாத இரண்டு எடைகள் பின் சக்கரங்களுக்கு முன்னாலிருந்து மறைகின்றன அல்லவா? வாலுக்கு அடியில் ஒரு தாங்கி, மூக்கில் மணல் மூட்டை, இரண்டும் வைத்த பிறகு எஞ்சினைத் தொடலாம்.

இறக்கை ஒரே துண்டு. நடுவில் பிரிக்க முடியாது. 40 அடி டிரெய்லரின் தளம் 12.2 மீ.; 2.7 மீ. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே அது அளவு மீறிய சரக்கு. அனுமதி வாங்கித்தான் சாலையில் ஏற்றமுடியும். புதுச்சேரி, கடலூர் இடையே போகும் வண்டி முள்ளோடையில் எல்லை தாண்டுவதால் இரண்டு பக்கத்துப் போக்குவரத்துத் துறைக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். உயரமும் இடிக்கும். சக்கரத்தில் நிற்கும்போதே வால் உச்சி 4.18 மீ. தாழ்தள டிரெய்லரில் ஏற்றினாலும் 5 மீட்டரைத் தாண்டும். செங்குத்து வாலைக் கழற்றாமல் ஊருக்குள் மின்கம்பிகளுக்கு அடியில் போவது கொலைக்குச் சமம்.

கிரேனுக்குச் சங்கிலியும் இரும்புக் கயிறும் வேண்டாம். அகலமான நைலான் பெல்ட், நடுவில் ஒரு விரிப்புக் கம்பம். பெல்ட், இறக்கையின் நீளவாக்குச் சட்டமான ஸ்பாரும் குறுக்குச் சட்டமான விலாவும் சந்திக்கும் இடங்களில் மட்டும் படவேண்டும். கட்டுப்பாட்டுக் கேபிள்களை வெட்டிவிட்டால் வேலை வேகமாக முடியும். அதன் பிறகு அந்த விமானத்தின் ஸ்டியரிங்கைப் பிள்ளைகள் திருப்பினால் எதுவும் அசையாது. கேபிளை இறுக்கும் திருகு இணைப்பான டர்ன்பக்கிளைத் தளர்த்திப் பிரியுங்கள். அவிழ்த்த ஒவ்வொரு முனைக்கும் துணிப் பட்டியில் எண். ஒரு மூடியின் திருகுகள் ஒரு பையில், பைக்குள் ஒரு சீட்டு. பிரிக்கும் ஆளும் மாட்டும் ஆளும் வேறாக இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டே எழுதவேண்டும்.

நிறுத்தும் இடமும் புயலும்

தானே புயல் 2011 டிசம்பர் 30 அதிகாலை புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்தபோது காற்று மணிக்கு 140 கி.மீ. வரை வீசியது. அந்தக் காற்றில் நிற்கும் ஐலாண்டருக்கு என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 140 கி.மீ. என்பது விநாடிக்கு 38.9 மீ. அதன் வர்க்கத்தை, காற்றின் அடர்த்தியில் பாதியான 0.613ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 927 நியூட்டன்; ஏறத்தாழ 95 கிலோ. ஐலாண்டரின் இறக்கைப் பரப்பு 30.2 சதுர மீ. காற்று மூக்குப் பக்கமிருந்து வந்து, மூக்கு சற்றே தூக்கிக்கொண்டு, இறக்கை எவ்வளவு தூக்குகிறது என்பதைச் சொல்லும் தூக்குவிசைக் கெழு 1ஐத் தொட்டால் மேல்நோக்கிய விசை 2,850 கிலோ. விமானத்தின் எடையே 2 டன்னுக்குள். எஞ்சினைக் கழற்றிவிட்ட காட்சி விமானம் என்றால் இன்னும் இலேசு. அது எழும்பும், எழும்பிக் கவிழும். எடையான பொருள்தானே, தானாக நிற்கும் என்று நம்புவதற்கு இடமே இல்லை.

ஆகவே நங்கூரம். இரண்டு இறக்கை வளையங்களுக்கும் வாலுக்கும் தரையில் புதைத்த கான்கிரீட் கட்டைகள். 1.2 மீ. நீளம், 1.2 மீ. அகலம், 1 மீ. ஆழம் என்றால் 1.44 கன மீட்டர். எடை சுமார் 3.4 டன். ஆனால் புயல் நாளில் நம் கரையோர மணல் தண்ணீரில் ஊறிக்கிடக்கும். முழுகிய கட்டை கன மீட்டருக்கு ஒரு டன்னை இழந்துவிடும். மிஞ்சுவது 2 டன். காய்ந்த தரையின் எடையை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வளையக் கம்பி கட்டைக்குள் வலைக்கம்பியோடு பிணைந்திருக்கவேண்டும். மேலே துளை போட்டு அடித்த ஆணிப் போல்டு உருவிக்கொண்டு வந்துவிடும்.

கட்டும் கயிறு பாலியெஸ்டர். பாலிபுரொப்பிலீன் கயிறு வெயிலில் ஒரே கோடையில் நார் நாராக உதிரும். தேங்காய் நார், மணிலா வகைகள் நனைந்தால் சுருங்கி இறக்கையை இழுக்கும். நிரந்தரக் கட்டுக்குக் கால்வனைஸ் செய்த இரும்புக் கயிறும் டர்ன்பக்கிளும் நல்லது. ஆனால் அதை விறைப்பாக முறுக்கிவிடக் கூடாது. மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரிக்கு அலுமினியம் 0.023 மி.மீ. விரியும். விடியற்காலைக்கும் நடுப்பகலுக்கும் தகட்டின் வெப்பம் 30 டிகிரி மாறினால் இறக்கை 10 மி.மீ. நீண்டு சுருங்குகிறது. அந்த அசைவுக்கு இடம் விடவேண்டும். கால்களைக் கான்கிரீட்டில் புதைத்து நிறுத்துவதும் இதே காரணத்தால் தவறு. கூடவே, ஈரச் சிமென்ட்டின் காரம் அலுமினியத்தை அரிக்கும்.

விமானத்தின் மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்தலாமே என்பார்கள். புயல் மையம் நம் மேலேயே கடந்தால் முதலில் வாடைப் பக்கமிருந்து அடிக்கும் காற்று, மையம் போனதும் தெற்கிலிருந்து அடிக்கும். ஒரு திசை நம்பிக்கை செல்லாது. அதற்குப் பதில் மூக்கைத் தாழ்த்துங்கள்: மூக்குச் சக்கர ஓலியோவின் வாயுவை இறக்கிவிட்டால் இறக்கையின் கோணம் குறையும், தூக்குவிசையும் குறையும். இறக்கையின் மேற்பரப்பில், முன்விளிம்பிலிருந்து கால்வாசி தூரத்தில், நீளவாக்கில் 2 அங்குல மரச்சட்டம் ஒன்றை அடியில் ஃபோம் வைத்துக் கட்டுவது பழைய, நல்ல பழக்கம், காற்றோட்டத்தை உடைத்துவிடும். வாலிலுள்ள சுக்கான், உயர்த்தி, இறக்கை நுனிப் பக்கமுள்ள எய்லரான் ஆகிய அசையும் பலகைகளுக்கு வெளியிலிருந்து மரப் பூட்டு போட்டே தீரவேண்டும். இல்லையென்றால் ஓர் இரவு முழுக்க அவை அடித்துக்கொண்டு கீல்களைப் பிய்த்துவிடும்.

தண்ணீர் இன்னொரு பக்கம். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது 24 மணி நேரத்தில் 46 செ.மீ.யைத் தாண்டி மழை கொட்டியது. மேடை சுற்றுத் தரையை விட அரை மீட்டராவது உயரவேண்டும், மீட்டருக்கு 1 செ.மீ. சரிவும் வேண்டும். விமானத்துக்கு அடியில் புல்லும் பூச்செடியும் அழகுதான். ஆனால் அவற்றின் ஈரம் இரவெல்லாம் வயிற்றுப் பகுதியில் படிந்துகொண்டே இருக்கும்.

கூரை பற்றி ஒரு வார்த்தை. பக்கச் சுவர் இல்லாத தகரக் கூரை போட்டுவிட்டால் விமானம் பத்திரம் என்ற எண்ணம் பரவலாக உண்டு. கடற்கரையில் நடப்பது வேறு. வெயிலிலும் மழையிலும் நிற்கும் மேற்பரப்பை மழை கழுவிவிடுகிறது. கூரைக்கு அடியில் கொண்டல் காற்று கொண்டுவரும் உப்பு படிகிறது, கழுவ ஆளில்லை, இரவில் பனி ஈரம் சேர்ந்து அது கரைசலாகிறது. இறக்கையின் அடிப்பக்கம் மேல்பக்கத்தை விட முன்னதாக அரித்து வெள்ளை மாவாகப் பூப்பது இதனால்தான். கூரை வேண்டும், ரப்பருக்கும் கண்ணாடிக்கும் அது உயிர். ஆனால் கூரை போட்ட நாளிலிருந்து கையால் கழுவும் வேலை கூடும், குறையாது. இடம் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தால் கரையிலிருந்து சில நூறு மீட்டர் உள்ளே தள்ளிப்போவது எந்தப் பெயின்டையும் விடப் பெரிய பாதுகாப்பு. காற்றிலுள்ள உப்பில் பெரும்பங்கு அந்தத் தூரத்துக்குள்ளேயே படிந்துவிடுகிறது.

கழுவுதல்

எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பதை முதலில் பாருங்கள். கரையோர ஆழ்குழாய்களில் கடல்நீர் புகுந்திருக்கிறது. அந்தத் தண்ணீரை ஊற்றினால் உப்பைக் கழுவவில்லை, பூசுகிறோம். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் ஒரு சிறிய டி.டி.எஸ். மீட்டர் போதும், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் கழுவலாம். கூரையிலிருந்து பிடித்த மழைநீர் எல்லாவற்றிலும் சிறந்தது. ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் கழிவுநீர் ஒருபோதும் வேண்டாம், அதில் உப்பு செறிந்திருக்கும்.

15 நாளுக்கு ஒருமுறை, காலையில், மென்மையான சோப்பும் துணியும். பிரஷர் வாஷர் கூடாது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் மடிப்புக்குள் அது தண்ணீரைத் திணித்துவிடும். திணித்தது வெளியே வராது. முக்கியமாகக் கழுவவேண்டியவை கண்ணுக்குத் தெரியாத இடங்கள்: இறக்கை அடி, சக்கரக் கால் இணைப்பு, இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் ஃபிளாப் பலகையின் பின்புறம், வாலின் அடிவயிறு. கழுவியபின் கதவு, மூடி எல்லாவற்றையும் திறந்து காயவிடுங்கள்.

உடலின் அடியில் வடிகால் துளைகள் இருக்கும். பழைய பெயின்ட், மண், குளவிக்கூடு இவை மூன்றும் சேர்ந்து அவற்றில் பாதியை அடைத்திருக்கும். உள்தரைப் பலகையைத் தூக்கி, ஒவ்வொரு அறையிலும் ஒரு சொம்பு நல்ல தண்ணீரை ஊற்றி, அது எங்கே வெளியே வருகிறது என்று கீழே ஓர் ஆள் பார்க்கட்டும். வராத இடத்தைப் பிளாஸ்டிக் குச்சியால் குத்தித் திறக்கவேண்டும். இரும்புக் கம்பி கீறிவிடும். புரட்டாசி முடிவதற்குள் இந்தச் சோதனை முடியவேண்டும், ஐப்பசி மழைக்குக் காத்திருக்கக் கூடாது. சுவர்களில் ஒலி தடுக்க ஒட்டியிருக்கும் பஞ்சு மெத்தைகளை முதல் நாளே பிடுங்கிப் போடுங்கள். வருஷக்கணக்கில் குடித்த உப்பு ஈரத்தைத் தகட்டோடு ஒட்டவைத்துக்கொண்டிருப்பவை அவைதான். விமானத்தைக் காற்றுப் புகாமல் அடைத்து உள்ளே சிலிக்கா ஜெல் வைக்கும் யோசனை இந்த ஊரில் எடுபடாது. கதவு இடுக்கு போதும், ஈரம் வந்துவிடும். எதிரெதிரே வலை அடித்த இரண்டு திறப்புகளும் ஒரு சிறு சூரிய மின்விசிறியும் அதைவிட நன்றாக வேலை செய்யும்.

அலுமினியம் பூத்தால்

விமானத் தகடு பெரும்பாலும் அல்கிளாட்: வலுவான கலவைத் தகட்டின் இரு முகத்திலும் மெல்லிய தூய அலுமினியப் படலம். அந்தப் படலம்தான் காப்பு. கிரைண்டரில் டிஸ்க் மாட்டித் தேய்க்கும் பட்டறைப் பழக்கம் ஒரு நிமிடத்தில் அதை உரித்துவிடும். இரும்பு பிரஷ், இரும்பு நார், எமரித்தாள் மூன்றும் விலக்கு. அவற்றின் துகள்கள் மென்மையான அலுமினியத்தில் பதிந்து, பின்னர் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் அரிப்பு தொடங்கும். நைலான் தேய்ப்பு நாரும் அலுமினியம் ஆக்சைடு தாளும் போதும், நனைத்துத் தேய்க்கவேண்டும். பழைய பச்சை-மஞ்சள் பிரைமரில் குரோமேட் இருக்கும். அந்தத் தூசு புற்றுநோய் தருவது. துணி மாஸ்க் இதற்கு ஆகாது, வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும்.

பூப்பின் வகை பார்த்து முடிவெடுக்கலாம். பெயின்டுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம்போல் கோடு கோடாக ஓடினால் அது மேலோட்டமானது. நம் ஊர் ஈரப்பதத்துக்கு மிகப் பொதுவானது. உரித்து, தேய்த்து, பாஸ்பாரிக் அமிலக் கழுவி போட்டு, நல்ல தண்ணீரில் அலசி, மூவிணைதிறன் குரோமியம் வகைக் காப்புப் படலம் கொடுத்து, அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடித்தால் நிற்கும். மேலே சொன்ன குரோமேட்டான அறுவிணைதிறன் வகை அதைவிட வேகமாகப் பிடிக்கும் என்றாலும் தன்னார்வலர் கையில் அதைக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. குண்டு குண்டாகக் குழி விழுந்திருந்தால் குழியின் ஆழத்தை அளந்து, தகட்டில் பாதிக்கு மேல் போயிருந்தால் ஒட்டுத் தகடு. தடித்த ஸ்பார் பட்டைகளின் ஓரம் ஏடு ஏடாகப் பிரிந்து வீங்கியிருந்தால் நிறுத்திவிடுங்கள். இறக்கை இணைப்பு, ஸ்பார், கால் இணைப்பு இவற்றில் அந்த வீக்கம் வந்தால் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்கும் வரை அடியில் யாரும் நிற்கக்கூடாது.

எஃகுக் கால்களில் துரு இருந்தால் அமிலத் துருநீக்கி ஊற்ற வேண்டாம். உயர்வலு எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து, வெளியே பளிச்சென்று இருக்க உள்ளே நொறுங்கும். வெல்டிங்கும் அதே கால்களுக்கு விலக்கு. கையால் தேய்த்து, பிரைமர் அடித்து, ஓலியோவின் பளபளப்பான தண்டுக்கு கிரீஸ் பூசி மெழுகுத்துணி சுற்றுங்கள். எடை ஓலியோவிலும் டயரிலும் நிற்காதபடி ஜாக்கித் தாங்கிகளில் ஏற்றி, டயர் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.

ஒட்டுத் தகட்டுக்கு எதை வாங்குவது? பறக்கும் விமானத்துக்கு 2024 என்ற எண்ணுள்ள அலுமினியக் கலவை. பறக்காத விமானத்துக்கு, சுமை தாங்காத இடத்தில், படகுக்காரர்கள் பயன்படுத்தும் 5052 தகடு கடற்காற்றில் அதைவிட நிற்கும். பழைய ரிவெட்டை எடுக்கும்போது தலையின் நடுவில் பஞ்ச் வைத்து, ரிவெட்டை விட ஓர் அளவு சிறிய டிரில்லால் தலையை மட்டும் துளைத்துத் தட்டிவிட்டு, தண்டைப் பஞ்சால் தள்ளவேண்டும். முழுக்கத் துளைத்தால் ஓட்டை அகன்றுவிடும். பிறகு அடுத்த அளவு ரிவெட். புது ரிவெட்டின் நீளம், தகடுகளின் மொத்தக் கனத்தோடு விட்டத்தின் ஒன்றரை மடங்கு. 0.9 மி.மீ. தகடு இரண்டுக்கு 3.2 மி.மீ. ரிவெட் என்றால் 1.8 உடன் 4.8, ஆக 6.6 மி.மீ. அடித்தபின் தலை 4.8 மி.மீ. அகலம், 1.6 மி.மீ. உயரம் இருந்தால் சரி. தகட்டு விளிம்பிலிருந்து விட்டத்தின் இரு மடங்கு தள்ளித்தான் ஓட்டை.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பாப் ரிவெட்டின் நடுத்தண்டு பெரும்பாலும் இரும்பு. அது உள்ளேயே தங்கித் துருப்பிடித்து, தகட்டில் காவி ஒழுகும். உள்ளே கை போகாத இடத்தில் பாப் ரிவெட் தவிர்க்கமுடியாதென்றால் தண்டும் அலுமினியமான வகையை வாங்கி, சீலண்டில் தோய்த்து அடியுங்கள். அலுமினியத்தில் ஏறும் எல்லா எஃகுப் போல்டுக்கும் இதே சீலண்ட் குளியல் உண்டு. காருக்குப் போடும் பட்டியை மட்டும் கிட்டேயே சேர்க்கவேண்டாம். தகடு விரிந்து சுருங்க, பட்டி விரிசல் விட்டு, விரிசலில் உப்பு ஈரம் தங்கும்.

மூக்குக் கூம்பு, முனை மூடிகள் போன்ற ஃபைபர் பாகங்களுக்குக் கடலூர் முதுநகர்ப் பக்கத்து ஃபைபர் படகு வேலைக்காரர்களை விடத் தேர்ந்த கை கிடைக்காது. அவர்களிடம் விட்டுவிடலாம். உடன் நிற்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்க வேண்டும்: ரெசினில் கோபால்ட் முடுக்கியை முதலில் முழுக்கக் கலக்கிய பிறகே ஹார்டனர் ஊற்றவேண்டும். இரண்டும் நேராகச் சேர்ந்தால் வெடிக்கும். சித்திரை வெயிலில் ஹார்டனர் 1 சதவீதம் போதும், 2 போட்டால் தூரிகையிலேயே இறுகிவிடும்.

நிறமும் கண்ணாடியும்

தேய்ப்பதற்கு முன் விமானத்தின் மேலுள்ள எழுத்து, எண், சின்னம், எச்சரிக்கை வாசகம் ஒவ்வொன்றையும் டிரேசிங் தாளில் அளவோடு எடுத்துவிடவேண்டும். போட்டோ மட்டும் போதாது, வளைந்த பரப்பில் அளவு பொய் சொல்லும்.

பெயின்ட் அடிக்க மாசி, பங்குனிக் காலைகள் நல்லவை. பனி உலர்ந்தபின் தொடங்கி, நண்பகலில் கடற்காற்று உப்போடு திரும்புவதற்குள் அன்றைய அளவை முடித்துவிடவேண்டும். தகட்டின் வெப்பம், காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் பனிநிலையை விட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்கவேண்டும், ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே. அக்னி நட்சத்திரத்தில் கை வைக்கமுடியாத தகட்டில் அடித்தால் துளி போய்ச் சேருமுன் காய்ந்து சொரசொரப்பாகும். இரட்டைக் கலவை பாலியூரிதேன் நன்றாக உழைக்கும், ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. குழாய்வழிக் காற்று வரும் முகமூடி இல்லாமல் ஸ்பிரே செய்யக் கூடாது. இல்லையென்றால் ரோலரில் அடியுங்கள். ரோலர் தடம் பத்தடி தூரத்தில் தெரியாது. பெயின்டரிடம் வடிகால் துளைகளைக் காட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு தீக்குச்சி செருகி வைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

ஜன்னல்கள் கண்ணாடி அல்ல, அக்ரிலிக். தின்னர், பெட்ரோல், அசிட்டோன், அம்மோனியா கலந்த கிளீனர் எது பட்டாலும் மயிரிழை விரிசல் வலைபோல் ஓடும், அதை மீட்கமுடியாது. பெயின்ட் உரிக்கும் திரவத்தின் ஆவியே போதும். அலுமினியத் தாள் ஒட்டி முழுக்க மூடியபின்தான் பக்கத்தில் அந்தத் திரவம் வரலாம். கழுவ, தண்ணீரும் சோப்பும் வெறுங்கையும். தளர்வாகக் கட்டிய தார்ப்பாய் காற்றில் அடித்து ஒரே மாதத்தில் ஜன்னலை மங்கவைத்துவிடும்.

எஞ்சினைக் காட்சிக்கு வைக்கும்போது பிளக் துளைகளில் சிலிக்கா ஜெல் அடைத்த மூடிகள் போடுவார்கள். நீலம் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். இங்கே மழைக்காலத்தில் மிகச் சீக்கிரம் மாறும். எடுத்து 120 டிகிரியில் உலர்த்தி மறுபடி போடலாம். காற்று வாங்கி, புகைக்குழாய், வேகம் அளக்கும் பிட்டோ குழாய் எல்லாவற்றுக்கும் மெல்லிய துருப்பிடிக்காத வலை. மைனா, அணில், குளவி மூன்றும் ஒரு வாரத்தில் குடியேறிவிடும். எச்சமும் கூட்டு மண்ணும் ஈரத்தைப் பிடித்துத் தகட்டை அரிக்கும். எலி கம்பிகளைக் கடிக்கும் என்பதால் பழைய மின்கம்பிகளுக்கு மின்சாரம் கொடுக்கவே வேண்டாம். விளக்கு எரியவேண்டுமென்றால் 12 வோல்ட்டில் தனிக் கம்பி இழுத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் ஒரு தடித்த நோட்டில் எழுதிவையுங்கள்: தேதி, விமானத்தின் எந்தப் பக்கம், குறுக்குச் சட்டத்தின் எண், எடுத்தது, போட்டது, எந்தக் கலவைத் தகடு, எந்த நிறம், இந்தியத் தர நிற எண் என்ன. எடுத்த பாகம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்ற வரியும் சேரட்டும். அந்த நோட்டு விமானத்துக்குள் இருக்கக்கூடாது. அலுவலக அலமாரியில் ஒன்று, இன்னொரு வீட்டில் அதன் நகல் ஒன்று.